எதிர்வீட்டு ஜேட் செடி

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எதிர்வீட்டுப் பஞ்சாபிக்காரியின் ஜேட் செடிதான். டெல்லி மயூர் விஹாரில் எங்கள் இரண்டு ஃபிளாட்டுக்கும் நடுவில் படிக்கட்டு ஜன்னல். நல்ல வெயில் விழும். அதன் கீழே கொழுகொழு இலையும் தடித்த தண்டுமாக, முழங்கால் உயரத்துக்குப் புதராக நிற்கும். பார்த்த மாத்திரத்தில் எனக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? அது என் செடியிலிருந்து நான் ஒடித்துக் கொடுத்த கிளை. பிடி உடைந்த டீ கப்பில் சொருகி வைத்துவிட்டு அவள் மறந்தே போனாள். கப் கொள்ளாமல் போனபோதுதான் ஒரு பழைய வாளிக்கு மாற்றினாள்.

என் செடியை நான் ஒருநாளும் மறந்ததில்லை. அரிசி களைந்த தண்ணீரைச் சிங்க்கில் கொட்ட எனக்கு மனசு வராது. பால்கனியில் கறிவேப்பிலைக்கு ஊற்றிய கையோடு ஜேடுக்கும் தினமும் ஒரு செம்பு ஊற்றுவேன். போன குளிரில் வெயிலே வரவில்லை, மண் காயவில்லை. இலையெல்லாம் தொட்டாலே உதிர்ந்தது. வாடுகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். தண்டு அடியில் கொழகொழத்துப் போயிற்று.

எதிர்வீட்டில் தினமும் ரொட்டிதான். ராஜ்மாக் குழம்பு செய்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு, அன்றைக்குத்தான் அரிசி களைந்த தண்ணீர். செடிக்குத் தண்ணீர் ஊற்ற அவளுக்கு ஞாபகம் வருவதே அபூர்வம். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பலன்!

என் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. புது அறையில் வைக்க ஒரு ஜேட் கிளை கொண்டுபோகிறேன் என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அழுகாமல் தப்பிய ஒரே கிளையை அவளுக்கென்று தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் எதிர்வீட்டுக்குப் போனவள், கையில் ஒரு கிளையோடு திரும்பி வந்தாள்.

"நம்மாத்துது இருக்கேடி," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இருக்கட்டும்மா. ஆன்ட்டியோடது ஸ்ட்ராங்கா இருக்கு."

அந்தக் கிளையை வாங்கி, வழியில் வாடிவிடக் கூடாதே என்று ஈரத்துணியில் சுற்றினேன். அவள் மெதுவாகத் துணியைப் பிரித்தாள்.

"வெட்டின எடம் நாலஞ்சு நாள் காயணுமாம். அப்பறந்தான் நடணும். சும்மா சும்மா தண்ணி ஊத்தக் கூடாதாம்."

"ஆன்ட்டி சொன்னாளா?"

"ஆமா." அவள் கிளையைப் பழைய செய்தித்தாளில் வைத்து மடித்தாள். பிறகு என் தோளில் சாய்ந்துகொண்டு கேட்டாள். "நான் அங்க போனதும் நீ டெய்லி எத்தன வாட்டி போன் பண்ணுவே, அம்மா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஒரு வாட்டிதான் என்று பொய் சொன்னேன்.