ஆயுத பூஜைக்கு வெட்டிய வாய்க்கால்

சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்திச் சரம் சுற்றிய ஒரு கனத்த மானிட்டர். அதன் நடுவே சிவப்புப் பெருக்கல் குறியோடு ஒரு சின்னப் பெட்டி, தரவுத்தளத்துக்கு வழி தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் ஹாலில் நான் பார்த்த காட்சி இது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு சின்ன அலுவலகத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். நான் தனியாக எழுதிக் கொடுத்த முதல் புரோகிராம்தான் அந்தத் திரையில் மூர்ச்சையாகிக் கிடந்தது.

அந்தக் கம்பெனியின் மேனேஜர் பல்லடம் பக்கத்து விவசாயி. கிணறு வற்றிய பிறகு பனியன் தொழிலுக்கு வந்தவர். வெள்ளை வேட்டியை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரே வேண்டாம் என்றிருந்த முதலாளியிடம் எனக்காக வாதாடியவர் அவர்தான். "இந்தப் பெட்டியால ஒரு லோடு நின்னுதுன்னாலும், நானே தூக்கி வெளிய வெச்சர்றனுங்க" என்று என் எதிரிலேயே வாக்குக் கொடுத்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

கணக்கெல்லாம் சர்வர் என்கிற ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். மற்ற ஒவ்வொன்றிலும், அந்த சர்வரின் பெயர் என்ன, அதில் எந்தத் தரவுத்தளம் என்று கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஓர் இணைப்புப் பதிவு போட வேண்டும். அது இல்லாவிட்டால் புரோகிராமுக்குக் கண் தெரியாது. இதை மேனேஜருக்கு விளக்கியபோது, "அட, கெணத்துத் தண்ணிக்கு வாய்க்கால் வெட்டற வேலைங்களா!" என்றார். அன்றிலிருந்து அதற்கு வாய்க்கால் என்றே பெயர். ஏதாவது கம்ப்யூட்டர் மாறினால் போதும், "கண்ணு, வாய்க்கால் அடைச்சுக்கிச்சுங்க" என்று போன் வந்துவிடும். போய் வந்து போய் வந்து அலுத்துப்போய், அந்தப் பதிவைப் புரோகிராமே திறக்கும்போது தானாகப் போட்டுக்கொள்ளும்படி சில வரிகள் எழுதி வைத்திருந்தேன். கெட்டிக்காரத்தனம் இல்லை, சுத்தமான சோம்பேறித்தனம். என் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் ஓடியது. வெளியே எங்கும் கொடுத்துப் பார்க்கவில்லை.

பூஜைக்கு மறுநாள் காலை பார்த்தால் எந்தக் கம்ப்யூட்டரிலும் பதிவு இல்லை. "என்னண்ணா ஆச்சு?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"பூஜைன்னா மேலாப்புல தொடச்சா ஆகுமுங்களா கண்ணு? தையல் மெஷினெல்லாம் பிரிச்சுப் பஞ்சு எடுத்து எண்ணெய் உடறோமல்லங்க. கம்ப்யூட்டரையும் உள்ளுக்குள்ள வரைக்கும் சுத்தம் பண்ணச் சொன்னனுங்க. சர்வர்ல மட்டும் கணக்கு இருக்குதுன்னு கை வைக்க உடலைங்க."

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் பக்தியோடு எல்லாவற்றையும் அழித்து ஃபார்மேட் செய்திருந்தார். என் சிடியிலிருந்து புரோகிராமைக்கூட மறுபடி ஏற்றியிருந்தார். சுத்தம் கெடக் கூடாது என்று மேனேஜர் சொன்னதால், இனி யாரும் எதையும் மாற்ற முடியாதபடி பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டியும் விட்டார். பிறகு பழனிக்குப் போய்விட்டார். அவருடைய போன் அணைந்திருந்தது.

வெளியே லாரி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நின்றது. ராகு காலம் பிறக்குமுன் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். பேக்கிங் லிஸ்ட் அச்சாகாமல் சரக்கு நகராது. முதலாளி வாசலில் நின்று வாட்சைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார்.   மேனேஜர் எனக்காகக் கொடுத்த வாக்கு, அவருடைய சொந்தச் சுத்தத்தாலேயே போகப்போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

வேறு வழியில்லாமல், என் சோம்பேறித்தனத்தின் சில வரிகளைச் சேர்த்த புரோகிராமைப் பையிலிருந்த சிடியிலிருந்து சர்வரில் ஏற்றி, அங்கிருந்தே அதைப் பேக்கிங் ஹால் கம்ப்யூட்டரில் திறந்தேன். மீண்டும் அதே சிவப்புப் பெருக்கல் குறி. மேனேஜர் பழனி முருகனைக் கூப்பிட்டார். நான் வரிகளைக் கூப்பிட்டு விசாரித்தேன். அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரை யார் திறந்தாலும் தெரியும்படி ஒரு பொதுப் பதிவை நான் கேட்டிருக்கிறேன். அதற்குப் பழனிக்குப் போனவரின் பாஸ்வேர்ட் வேண்டும். இப்போது உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு மட்டும் என்று கேட்டால் யார் அனுமதியும் வேண்டாம். அந்தக் கட்டளையில் பொதுப் பதிவைக் குறிக்கும் நான்கு என்ற எண்ணை, தனி ஆள் பதிவைக் குறிக்கும் ஒன்று என்று மாற்றினேன். அவ்வளவுதான் வேலை.

திரை திறந்தது. அட்டைப்பெட்டி வாரியாக, சைஸ் வாரியாக, கலர் வாரியாக எல்லாம் வந்து நின்றது. பிரிண்டர் கரகரவென்று ஓட ஆரம்பித்ததும், ஹாலில் இருந்த பெண்கள் காரணமே தெரியாமல் கைதட்டினார்கள். மேனேஜர் அடுத்த கம்ப்யூட்டருக்கு ஓடி, சர்வரில் இருந்த அதே புரோகிராமை நான் காட்டிய இடத்தில் தானே மவுசைப் பிடித்து அழுத்தினார். அதுவும் திறந்தது. அதற்கடுத்ததும் திறந்தது. "ஏனுங்க, இது தானா வாய்க்கால் வெட்டிக்குதுங்க!" என்று முதலாளியைப் பார்த்துக் கத்தினார். ராகு காலத்துக்கு முன்பே லாரி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு போனது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம், பிறகு பெரிய பெரிய சம்பளங்களில்கூட வரவில்லை.

இப்போது கணக்கெல்லாம் இணையத்தில் எங்கோ கண்காணாத இடத்தில் இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பதிவு போட்ட காலம் இருந்தது என்றே தெரியாது. சொன்னால் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன்.

லாரி போன அந்தப் பூஜைக்கு அடுத்த வருஷம், பூஜை முடிந்த மறுநாள் மேனேஜரிடமிருந்து போன். "கண்ணு, இந்த வருசமும் எல்லாத்தையும் உள்ளுக்குள்ள வரைக்கும் சுத்தம் பண்ணியாச்சுங்க." போனைக் காதில் வைத்தபடியே பையைத் தேடினேன். "பதறாதீங்க. தானாத் தெறந்துக்கிச்சு, லோடும் போயிருச்சுங்க. பொரியும் சுண்டலும் எடுத்து வெச்சிருக்குது. சும்மா வந்துட்டுப் போங்க."

ஒரு வேலையும் இல்லாமல் அந்தக் கம்பெனிக்கு நான் போனது அன்றுதான்.