இருநூற்று இருபத்தொன்றாம் பக்கம்

தோளில் தொங்கும் பையை இறக்குவதற்கு முன்பே கணினியை முடுக்கிவிடுவார். அது கண்விழிக்கும்வரை நின்றபடியே மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பார். உலகத்தின் எந்த மூலையிலாவது யாராவது அவருடைய பழைய கட்டுரையைத் தங்கள் ஆய்வில் சுட்டியிருந்தால் மின்னஞ்சல் ஒன்று வந்து காத்திருக்கும். அவர் தலைப்பைப் பார்ப்பதில்லை. எழுதியவர் யாரென்றும் பார்ப்பதில்லை. நேரே கடைசிக்கு, மேற்கோள் பட்டியலுக்குப் போய்விடுவார். ஆள்காட்டி விரல் திரையில் வரிவரியாக இறங்கித் தன் பெயரில் வந்து நிற்கும். "இருநூத்திப் பன்னெண்டு," என்பார். "இவனும் படிக்கல." அதற்கப்புறம்தான் பை தோளை விட்டு இறங்கும்.

நிலவியலாளர். இப்போது பாறை மாதிரிக் கிடங்கு அவர் பொறுப்பில் இருக்கிறது. பூமியைத் துளைத்து எடுத்த கல் உருளைகள் நீண்ட மரப்பெட்டிகளில் கூரைவரை அடுக்கிக் கிடக்கின்றன. மாதிரி கேட்டு யாராவது வந்தால் பெட்டியை இழுத்துக் கல்லின்மேல் தண்ணீர் தெளித்துக் காட்டுவார். "காஞ்சு கிடந்தா எல்லாக் கல்லுக்கும் ஒரே மூஞ்சிதான். நனைஞ்சாத்தான் யார்னு தெரியும்." பேசுவதே குறைவு, பேசினால் கல்லைப் பற்றித்தான்.

ஒரு காலத்தில் அவருக்கு மாடியில் தனி அறை இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் ஒரு குன்றைப் பற்றி அந்தக் கட்டுரையை எழுதினார். இரண்டு மழைக்காலத்துக்குள் அது அடிவாரத்துக் குடியிருப்பின் மேல் சரியும் என்றார். செய்தித்தாள்கள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. குடியிருப்பைக் காலிசெய்து எல்லாரையும் தகரக் கொட்டகைகளில் கொண்டுபோய் வைத்தார்கள். குன்று நின்ற இடத்திலேயே நின்றது. கொட்டகையில் காய்ச்சல் புகுந்து, சின்னப் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிற்று. மகளைப் புதைத்துவிட்டு வந்த ஒருவர் அலுவலக வாசலில் நின்று, வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டார். மழை முடியட்டும் என்றார் இவர். மழை முடிவதற்குள் அந்த மனிதருடைய மகனும் போய்விட்டான்.

கட்டுரையில் ஒரு நிபந்தனை இருந்தது. மழை இன்ன அளவைத் தாண்டினால்தான் சரியும் என்று முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு வரி. மழை தாண்டவில்லை. செய்தித்தாள்கள் அந்த வரியை விட்டுவிட்டன. வாசலில் நின்றவரிடம் இவரும் சொல்லவில்லை.

மறு ஆண்டு ஒரு பேராசிரியர் மறுப்பு எழுதினார். அவரும் நிபந்தனையை விட்டார். போதாததற்கு, இருநூற்று இருபத்தொன்றாம் பக்கத்தில் தொடங்கும் கட்டுரையை இருநூற்றுப் பன்னிரண்டில் தொடங்குவதாகப் போட்டார். பின்னால் வந்தவர்கள் மறுப்பை மட்டும் படித்துவிட்டு இரண்டையும் அப்படியே வாரிக்கொண்டார்கள். பொய்த்த முன்கணிப்புக்கு உதாரணம் என்று ஒரு வரி, அடைப்புக்குறிக்குள் இவர் பெயர், கடைசியில் அந்தத் தப்பான பக்கம். எத்தனையோ பேருக்கு எழுதிப் பார்த்தார். ஒருவர் மட்டும் நன்றி சொல்லி, அடுத்த கட்டுரையில் திருத்திவிடுவதாகப் பதில் போட்டார். அடுத்த கட்டுரையிலும் இருநூற்றுப் பன்னிரண்டுதான். கொட்டகையில் செத்த பிள்ளைகளை எந்தக் கட்டுரையும் சுட்டுவதில்லை.

ஒரே ஒருமுறை, கண்காணாத தேசத்து ஆராய்ச்சியாளர் ஒருவர் இவரை வரிக்கு வரி கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். பக்க எண் சரியாக இருந்தது. அன்று வீட்டில் அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். "திட்டினாலும் படிச்சுட்டுத் திட்டியிருக்கான் பாரு." அந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "திட்டினவனுக்கு நன்றிக் கடுதாசி போடற மனுஷனை இந்த வீட்டுலதான் பாக்கலாம்," என்றார்.

அலுவலகத்தில் அவர் 'மலைக்காரர்'. தூறல் விழுந்தாலே கணக்குப் பிரிவுக்காரர் கிடங்குக் கதவில் தலையை நீட்டுவார். "என்ன மலைக்காரரே, இன்னிக்கு விழுந்துடுமா?"

"நீங்க குடையை மறந்துட்டு வந்திருந்தா விழும்," என்பார் இவர், முகம் மாறாமல். ஆனால் மழை வலுத்தால் ஜன்னலைப் பார்க்காமல் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொள்வார்.

மகளும் இதே படிப்பைத்தான் எடுத்தாள். அவள் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்று தன் கட்டுரையின் பிரதி ஒன்றை, மேலே எதுவும் எழுதாமல், அவளிடம் கொடுத்தார். படித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். அவளுடைய அலமாரியைக் கடக்கும்போது மட்டும் அந்தப் பிரதியின் ஓரம் தெரிகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார்.

போன வாரம் அவள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். நீட்டிய கை தயங்கியது. "உங்களையும் சொல்ல வேண்டியிருந்ததுப்பா. விட்டா, அப்பாங்கறதால மறைச்சேன்னு சொல்வாங்கன்னு கைடு சார் சொன்னார்."

"விடக் கூடாது. போட்டுத்தான் ஆகணும்," என்றார்.

சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தார். அவள் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் அடிக்கடி நின்று நின்று ஓடியது. பொய்த்த முன்கணிப்புகள் என்ற வரியில் மூன்று பெயர்கள், நடுவில் இவருடையது. அந்த வரி அவரை ஒன்றும் செய்யவில்லை. குன்று விழவில்லை என்பது நிஜம்தானே. தாளைப் புரட்டிக் கடைசிக்குப் போனார். ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கித் தன் பெயரில் நின்றது.

இருநூற்றுப் பன்னிரண்டு.

இத்தனை வருஷப் பழக்கத்தில் பென்சில் தானாகவே அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டது.

குழாய் நின்றது. ஈரக் கையைத் துடைத்தபடி அவள் அடுப்படி வாசலில் வந்து நின்றாள். "தப்பு ஏதாவது இருக்காப்பா?"

"ரெண்டு இடத்துல கமா விட்டிருக்கே. மத்தபடி சரியாத்தான் இருக்கும்மா. போய் வேலையைப் பாரு."

அவள் திரும்பி, குழாய்ச் சத்தம் மறுபடி கேட்கும்வரை காத்திருந்தார். பிறகு பென்சிலைத் தலைகீழாகத் திருப்பி, எண்ணின் மேல் படாமல் சுற்றிலும் இருந்த வட்டத்தை மட்டும் அழித்து, துகளை மெல்ல ஊதிவிட்டார்.