இரண்டு டாக்டர், ஒரு கண்

மாலை ஆறு மணி, நான்கு செய்தி, அடியில் செல்வராசு என்று ஒரு பெயர்: தேனி தாலுகா நிருபரான என் பிழைப்பு இவ்வளவுதான். இந்தத் தொழிலில் ஊரிலுள்ள எல்லா டாக்டரையும் தெரியும். நமக்கு ஒன்று என்றால் யாரிடம் போவது என்பது மட்டும் தெரியாது. இந்த அவதி உங்களுக்கும் இருந்திருக்கும். போன கோடையில் என் வலது கண் மங்கத் தொடங்கியது. இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். வலதும் போனால் வேலை போயிற்று.

தலைக்கு ஒரு டாக்டர்

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பொதுவாகக் கேட்டுவைத்தேன். ஆண்டிபட்டிக்காரர் மதுரைக்குப் போகச் சொன்னார். பஸ் வசதி இருக்கிறதாம். கம்பம் ஏலக்காய் வியாபாரி மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவுக்குக் கை காட்டினார். அங்கே டாக்டர்கள் பொறுமையாகப் பேசுவார்களாம். இன்னொருவர் சிபாரிசு செய்த டாக்டர் இப்போது உயிரோடு இல்லை. இரங்கல் செய்தி எழுதியதே நான்தான்.

நான் விழித்ததைப் பார்த்து டீ மாஸ்டர் கேட்டார்: "ஏண்ணே, அம்புட்டு டாக்டரையும் குத்துவிளக்கு ஏத்த வச்சுப் போட்டோ எடுத்தவுக நீங்க. எங்ககிட்ட வந்து கேக்குறீக?"

கூட்டத்தை நம்பி

கூட்டம் இருந்தால் விஷயம் இருக்கும் என்பது நிருபரின் நம்பிக்கை. வீரபாண்டி போகும் வழியில் ஒரு கிளினிக் வாசலில் நல்ல கூட்டம். கடைசியில் போய் நின்று, முன்னால் நின்றவரிடம் டாக்டர் எப்படி என்று விசாரித்தேன்.

"தெரியலண்ணே. கண்ணு காட்டுறது எங்க சின்னம்மா மட்டுந்தான். வேன்ல எடம் இருந்துச்சேன்னு நாங்கெல்லாம் வந்தோம்."

இரு தரப்பு

அந்தக் கிளினிக் டாக்டர் இளைஞர். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் கடைசி வரி வரை படித்துவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணில் ஈரம் குறைவு என்று சொட்டு மருந்து எழுதினார். மருந்து தீர்ந்தது, மங்கல் தீரவில்லை. கம்பத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கண்ணில் மருந்து விட்டு மெஷினில் பார்த்து, புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன்தான் என்றார்.

யாரை நம்புவது? மதுரை அலுவலகத்தில் இருக்கும் துணை ஆசிரியரிடம் போனில் புலம்பினேன். பழக்க தோஷம், அவர் சொன்னார்: "ரெண்டு பேரு கருத்தையும் போட்டுட்டு, முடிவ வாசகர்கிட்ட விட்டுருங்க."

தினசரித் தாள்

வீட்டில் என் மனைவி பேச்சியம்மாள் இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்கச் சொன்னாள். அன்றைய தேதியே தெரியவில்லை. "பெறகு அந்தக் கிளினிக்குல மட்டும் எப்பிடிப் படிச்சீக?"

மனப்பாடம்

யோசித்த பிறகுதான் விளங்கியது. இலவசக் கண் சிகிச்சை முகாம்களில் தொங்குவதும் அதே பலகைதான். சிறப்பு விருந்தினர் வந்து சேரும்வரை அதன் எதிரில்தான் கேமராவோடு உட்கார்ந்திருப்பேன். அத்தனை வரியும் எனக்கே தெரியாமல் நாக்கில் ஏறியிருக்கிறது.

இளைய டாக்டரிடம் திரும்பப் போய் இதையும், கம்பம் டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேறு பலகையை மாட்டினார். முதல் வரியிலேயே தடுமாறினேன். இந்த முறை அவரும் மருந்து விட்டு நிதானமாகப் பார்த்தார். "கம்பம் மேடம் சொன்னதுதான் சரி. நானும் அன்னைக்கே இப்படிப் பாத்திருக்கணும். நீங்களும் படிக்கச் சொன்னா படிக்கணும் சார், ஒப்பிக்கக் கூடாது."

சரியாகச் சொன்னவரிடம் போவதா, தவறை ஒப்புக்கொண்டவரிடமே இருப்பதா என்று மறுபடி குழப்பம். அதையும் அவரிடமே கேட்டேன். "என் அப்பா கண்ணா இருந்தா, அவுககிட்டத்தான் கூட்டிட்டுப் போவேன்."

ஒரு கண் டாக்டரைத் தேர்ந்தெடுக்க எனக்கு இன்னொரு கண் டாக்டர் தேவைப்பட்டார். ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை கம்பத்தில் ஆபரேஷன் நடந்தது, பார்வை திரும்பியது.