விரலில் மாட்டிய பீங்கான்

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வரும் சாமான்களைத் தட்டிப் பார்த்து, விரிசல் விழுந்ததை ஒதுக்குவேன். நாள் முழுக்கக் குறை சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே இலவசமாகச் செய்கிறேன் என்பது என் கணவரின் புகார்.

போன மழைக்காலத்தில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் வீடியோ ஒன்றைப் பார்த்துத் தொலைத்தேன். புதிதாகத் தைப்பவர்களுக்கு அடிப்படைச் சாமான்கள் மட்டும் போதும் என்று அந்த அம்மாள் சிரித்தார். பிறகு துணி வெட்டச் சக்கரக் கத்தி, அதற்கு அடியில் விரிக்க ஒரு தனிப் பாய், கண்ணாடி ஸ்கேல், மணி வைத்த குண்டூசி, நடுவில் வைக்கப் பஞ்சு, விரலுக்குத் தொப்பி என்று அடுக்கினார். என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சாமான் வாங்கவில்லை.

மங்கலம்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். தையல் சாமான் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சக்கரக் கத்தியா? கேக்கு வெட்டறதுக்காம்மா?”

“போர்வை தைக்கறதுக்குங்க.”

“போர்வை ரெடிமேடாவே இருக்குதே. புலி படம் போட்டது. எடுத்துக் காட்டட்டுமா?”

புலியை மறுத்துவிட்டு, கத்தரிக்கோல், குண்டூசி, ஊசி, கெட்டி நூல் மட்டும் வாங்கித் திரும்பினேன். ஸ்கேலை மகளின் பள்ளிப் பையிலிருந்து எடுத்தேன். பஞ்சுக்குப் பதில் பழைய கம்பளி. அடியில் என் பழைய சேலை, மேலே கணவரின் லுங்கிகள். நாலாவது லுங்கியை வெட்டும்போது வந்து நின்றார்.

“அது புதுசுடி!”

“வெட்டின பொறவு சொல்றீங்களே.”

அன்று அவர் என்னோடு பேசவில்லை. நிம்மதியாகத் தைத்தேன்.

மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கையில்தான் விரல் தொப்பி எதற்கென்று புரிந்தது. ஊசியின் பின்பக்கம் நடுவிரலைப் புண்ணாக்கிவிட்டது. மறுநாள் பட்டறைக் கழிவுக் குவியலில், ஒரு முனை மூடிய குட்டிப் பீங்கான் குழல் கிடைத்தது. மாட்டிப் பார்த்தேன், கச்சிதம். கழற்றிப் பார்த்தேன், வரவில்லை.

சோப்பு போட்டோம், தேங்காய் எண்ணெய் விட்டோம். விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. பக்கத்தில் வேலை பார்க்கும் பெண், “யக்கா, அப்படியே சூளையில வுட்டுடலாமா?” என்றாள். மேஸ்திரி சுத்தியலோடு வந்து பக்குவமாகத் தட்டினார். கீறல்கூட விழவில்லை.

“இத ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போட்டது யாரு?”

“நான்தாங்க. விரிசல் இருந்துச்சு.”

“எங்க, காட்டு பாப்போம்.”

காட்ட முடியவில்லை. கடைசியில் குறட்டால் நெருக்கினார். டப்பென்று உடைந்தது. விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. மானம்தான் போயிற்று. சாயங்காலம் தெருமுனைத் தையல்காரரிடம் கேட்டேன். ஒரு தகரத் தொப்பியைச் சும்மாவே கொடுத்தார்.

பொங்கலுக்கு முன்பே போர்வை முடிந்தது. விரித்தால் ஒரு மூலை மட்டும் எப்போதும் எழுந்து நிற்கும். நான் தட்டிப் படுக்க வைப்பேன், அது மறுபடி எழும். மகள் அதைத்தான் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாள். துவைத்தால் சாயம் போகிறது. கணவரின் பனியன்கள் எல்லாம் இப்போது ரோஸ் நிறம்.