சிவப்புத் துணி கட்டிய போத்தல்

கடைக் கதவைப் பாதி திறந்திருந்தபோது லிங்கம் பாஸின் மனைவி பாக்கியம் அக்கா போன் செய்தார். "தம்பி, அவரு எந்திரிக்கவே இல்ல" என்றார். உடனே ஓட்டோ கொண்டுவருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் பதறினேன். "வேணாம். மெதுவா வாங்க" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பெல்மதுளையில் பதினேழு வருடம் நாங்கள் ஒரே கூரைக்குக் கீழே பிழைத்தோம். முன்னால் என் உதிரிப்பாகக் கடை, பின்னால் அவருடைய மோட்டார் சைக்கிள் வேலை. தமிழரும் சிங்களவரும் அவரை, கைவேலை தெரிந்தவர்களைக் கூப்பிடுகிற மாதிரி, 'பாஸ்' என்றே கூப்பிட்டதால் சிவலிங்கம் என்ற முழுப்பெயரை மரண அறிவித்தலில் பார்த்துப் பலர் யாரென்று கேட்டார்கள். அவர் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் இல்லை. அவசரம் என்று வந்தவர்களிடம், "அவசரம்னா நடந்து போங்க" என்று சொல்லியனுப்பியதால் நான் இழந்த வியாபாரம் கொஞ்சமல்ல.

பிரேக் வேலையென்றால் அவர் இன்னும் மோசம். கைப்பிடிக்குப் பக்கத்திலுள்ள மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினால், உள்ளே சிறு பிஸ்டனும் அதில் இரண்டு ரப்பர் சீல்களும் இருக்கும். பழைய சீலைத் துடைத்துப் போடச் சொன்ன ஒரு மாணிக்கக்கல் வியாபாரியோடு அரைமணி நேரம் சிங்களத்தில் சண்டை பிடித்தார். கடைசியில் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ஓட வைக்கிற சாமான் கெட்டா வண்டி ரோட்டுல நிக்கும். நிப்பாட்டுற சாமான் கெட்டா எங்க போயி நிக்கும்?" வியாபாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் புதுச் சீல் வாங்கினார்.

சிலிண்டரைத் திரும்பப் பூட்டி முடித்ததும் பிரேக் கைப்பிடியை அழுத்தி, சைக்கிள் டியூப் துண்டால் ஹேண்டிலோடு இறுக்கிக் கட்டிவிடுவார். விடியும்வரை அப்படியே இருந்தால் உள்ளே சிக்கிய காற்று மேலே வந்துவிடும். காலையில் தானே அவிழ்த்து, பிரேக் எண்ணெய் மட்டம் பார்த்து, சிங்களத்தில் 'ஹரி', சரி என்று சொன்னால்தான் வண்டி வெளியே போகும்.

ஒரு நாள் அவர் அதைச் சொல்லவில்லை. அக்காவைக் கிளினிக்குக் கூட்டிப்போயிருந்தார். முதல்நாள் பிரேக் வேலைக்கு வண்டியை விட்டிருந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மோகன், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வந்து நின்றார். நான்தான் பெரிய மனிதன்போல டியூபை அவிழ்த்தேன். எண்ணெய் கொஞ்சம் குறைவாக இருந்தது. தட்டுப்பாட்டுக் காலம், எல்லா எண்ணெயையும் பழைய சோடாப் போத்தல்களில்தான் சில்லறையாக வாங்கி அடுக்கியிருந்தோம். மஞ்சளாகத் தெரிந்த ஒன்றை எடுத்து ஊற்றி மோகனை அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள், மலை இறக்கத்து வளைவில் முன்சக்கரம் இறுகிப் பூட்டிக்கொண்டது. மோகனின் இடுப்பெலும்பு முறிந்தது. வண்டியை லொறியில் கொண்டுவந்தார்கள். பாஸ் சிலிண்டரைத் திறந்தார். புதுச் சீல்கள் இரண்டும் ஊறி உப்பி, பிஸ்டன் திரும்பி வர முடியாமல் அடைத்திருந்தன. எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்த்தார்.

"அன்னைக்கு நீங்க ஏதும் ஊத்துனீங்களா?"

"இல்ல பாஸ்."

பாஸ் போத்தல்கள் அடுக்கியிருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், தன் வேலையில்தான் பிழை என்று மோகனிடம் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் தட்டில் ஒரு போத்தலின் கழுத்தில் மட்டும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. தேயிலை ஃபெக்டரி இயந்திரத்துக்கு ஊற்றும் எண்ணெய் அது. ரப்பரை உப்பவைப்பது.

அதன்பிறகு தோட்டங்களிலிருந்து பிரேக் வேலை அவரிடம் வரவில்லை. "லிங்கம் பாஸ் கை வச்சா சக்கரம் பூட்டிக்கும்" என்று என் கடையில் நின்றே பேசினார்கள். சீல் எடுத்துக் கொடுத்தபடி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் காது கேட்கும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

சுடுகாட்டுக்கு மோகனும் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாஸ் மேல எனக்கு ஒண்ணும் இல்லைங்க. அன்னைக்கே மன்னிச்சுட்டேன்" என்றார். நான் தலையாட்டினேன்.

கருமாதிக்கு அச்சிடும் நினைவு மலரில் நாலு வரி எழுதித் தரும்படி பாக்கியம் அக்கா கேட்டார். பாஸின் சாமான்களில் விரும்பியதை எடுத்துக்கொள்ளவும் சொன்னார். நான் அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டேன். துணி வெளுத்துவிட்டது, முடிச்சு இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது.

மோகன், இந்த மலர் உங்கள் லயத்து வீட்டுக்கும் வரும். நீங்கள் மன்னித்த மனிதர் உங்களுக்கு எந்தப் பிழையும் செய்யவில்லை. அந்த எண்ணெயை ஊற்றியவன் நான்.