டீக்கடைச் சுவரில் 8080

1. மாதா பேரும் செல்லவில்லை

காலையில் சர்வரில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். மத்தியானத்துக்குள் எங்கள் கேட்டிலிருந்து பைபாஸ் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதை இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் சிஸ்டம் அட்மின். லாரி உள்ளே வர டோக்கன் வேண்டும். டிரைவர் தன் போனில் எங்கள் வெப் பேஜைத் திறந்து கன்டெய்னர் நம்பரைப் போட்டால் டோக்கன் வரும். அந்தப் பேஜ் எங்கள் சர்வரில் 8080 என்ற போர்ட்டில் ஓடியது. போர்ட் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரே கம்ப்யூட்டரில் பல சாஃப்ட்வேர் ஓடும்போது, வந்த அழைப்பு யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க ஆளுக்கொரு நம்பர். ஒரே நம்பரில் இரண்டு பேர் உட்கார முடியாது.

வினை அதில்தான் வந்தது. கேட்டில் நம்பர் பிளேட் படிக்கிற கேமரா வைத்தார்கள். அதன் சாஃப்ட்வேரும் எங்கள் சர்வரிலேயே ஏறியது. அதற்கும் 8080 வேண்டுமாம்.

"அவங்க வச்சு அனுப்புற டீஃபால்ட் நம்பர் அதுதானாம்மா. நம்மளதை மாத்திருங்க" என்றார் மேனேஜர் பொன்ராஜ் சார்.

வந்தவர் உட்கார, இருந்தவர் ஏன் எழுந்திருக்க வேண்டும்? எனக்கு அப்போதே எரிச்சல்தான். ஆனாலும் முறைப்படி எல்லாம் செய்தேன். டிரான்ஸ்போர்ட் ஆபீஸ்களுக்கு மெயில் போட்டேன், வாட்ஸப் குரூப்பில் புது அட்ரஸைப் போட்டேன், கேட்டில் நோட்டீஸ் ஒட்டினேன். பிறகு கான்ஃபிக் ஃபைலில், எந்த போர்ட்டில் கேட்க வேண்டும் என்று சொல்லும் லிசன் வரியில் இருந்த 8080-ஐ 8090 ஆக்கி, ஃபயர்வாலில் வழி திறந்து, வெப் சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். என் போனில் பேஜ் ஜம்மென்று வந்தது.

மத்தியானம் அந்தோணி போன் செய்தார். புன்னைக்காயல்காரர், எங்கள் யார்டுக்குப் பல வருஷமாக லாரி ஓட்டுகிறவர்.

"மேடம், டோக்கன் பேஜ் பாஸ்வேர்டு கேக்கு. பிறந்த தேதி போட்டேன், வேண்டாங்கு. மாதா பேரக்கூடப் போட்டுப் பாத்துட்டேன்."

அவர் திறந்திருந்தது டோக்கன் பேஜே இல்லை. பழைய 8080-இல் இப்போது குடியிருக்கும் கேமரா சாஃப்ட்வேரின் லாகின். வரிசையில் நின்ற அத்தனை டிரைவர்களும் அதனோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

போன் கை மாறியது. லாரியில் கூடவே வந்திருந்த வடிவு பேசினார். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர். வாழைநார்க் கூடைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிற அவருடைய முதல் கன்டெய்னர் அது.

"மேடம், அஞ்சு மணிக்குள்ள பொட்டி உள்ள போகலைன்னா கப்பல் போயிரும்னு சொல்லுதாவ. எங்க ஊர்ப் பொம்பளைய எல்லாருமா நாரு கிழிச்சு முடைஞ்சது. இது பிந்திட்டுன்னா வாங்குறவன் அடுத்த ஆர்டரு தரமாட்டான்."

அழவில்லை. அழாமல் சொன்னதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

"அந்தோணி அண்ணன் எந்த அட்ரஸைப் போட்டார்?"

"டீக்கடையில எழுதிருக்குல்லா, அதத்தான் மேடம்."

2. நீல பெயின்ட்

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு யார்டு ரோடு திருப்பத்துக்குப் போனேன். செல்லத்துரை அண்ணாச்சி டீக்கடையின் பக்கச் சுவர் முழுக்க எங்கள் சர்வர் அட்ரஸ்! நீல எனாமல் பெயின்டில், ஒவ்வொரு எழுத்துக்கும் நிழல் விழுவதுபோல் எழுதி, கடைசியில் கொழுகொழுவென்று ஒரு 8080. டோக்கன் பேஜ் எது என்று வெளியூர் டிரைவர்கள் கேட்டுக் கேட்டு அண்ணாச்சிக்கு அலுத்துப்போயிருக்கிறது. படகுகளுக்குப் பேர் எழுதுகிற பெயின்டரைக் கூப்பிட்டு எழுதவைத்துவிட்டார். எங்கள் வாட்ஸப் குரூப்பை ஆபீஸ்காரர்கள் பார்ப்பார்கள். டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டே இந்தச் சுவரைப் பார்த்து டைப் பண்ணுவார்கள்.

"ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே மாத்தி எழுதிருப்பேம்லா?" என்றார் அண்ணாச்சி.

சுவரை மாற்றலாம்தான். ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் சுவரைத் தாண்டிப் போய்விட்டார்களே. பாதிப் பேருக்கு அது மனப்பாடமும்கூட. அங்கேயே நின்று கேமரா கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உங்க சாஃப்ட்வேர் வேற போர்ட்ல ஓடாதா?"

"ஓடும் மேடம். செட்டிங்ஸ்ல ஒரு நம்பர் மாத்தணும். ஆனா டீஃபால்ட்..."

"அதை எத்தனை பேர் திறந்து பாப்பாங்க?"

"கேட் கிளார்க் ஒருத்தர்தான் மேடம்."

எனக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஆபீஸுக்கு வந்ததும் பொன்ராஜ் சார் தயங்கினார்.

"காலைல மாத்துனத இப்பவே திருப்பினா ஹெட் ஆபீஸ்ல என்ன சொல்லுவாங்கம்மா?"

"ஜன்னலைத் திறங்க சார். லைன்ல நிக்கிறவங்க சொல்றதை முதல்ல கேளுங்க."

திறந்தார். ஹாரன் சத்தத்தோடு சில நல்ல வார்த்தைகளும் உள்ளே வந்தன. உடனே மூடிவிட்டு, "செய்யுங்க" என்றார்.

இதில் எதற்குப் பிறகு எது என்பது முக்கியம். முதலில் கேமரா சாஃப்ட்வேரை நிறுத்தி 9090-க்கு அனுப்பினேன். அது 8080-ஐ விட்டு இறங்காமல் நம் வெப் சர்வர் அங்கே ஏறாது. அதற்குப் பிறகுதான் 8080 வரியைத் திரும்ப எழுதினேன். 8090-ஐயும் எடுக்கவில்லை. ஒரே சர்வர் இரண்டு போர்ட்டிலும் கேட்கும். நோட்டீஸைப் படித்த நல்லவர்களை எதற்குத் தண்டிப்பது? ரீஸ்டார்ட் செய்தேன்.

"வந்துட்டு மேடம்!" அந்தோணி போனில் கத்தினார்.

வரிசை நகர்ந்தது. டிரைவர் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது என்பதால் வடிவு கேட்டிலேயே இறங்கிக்கொண்டார். பெட்டியின் பின்பக்கம் கண்ணுக்கு மறையும் வரை நெஞ்சில் கை வைத்தபடி நின்றார். அன்று கப்பல் அவர் பெட்டியோடுதான் போனது. இத்தனை வருஷ வேலையில் அதைவிடச் சந்தோஷமான சாயங்காலம் எனக்கு இல்லை.

போர்ட்டை மாற்றுவது ஒரு வரி வேலை. அந்த நம்பர் சர்வருக்கு வெளியே யார் யார் கையில் இருக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். இவ்வளவுதான் நான் கற்றது.

இப்போதெல்லாம் பொங்கலுக்கு முன்னால் அண்ணாச்சி போன் செய்துவிடுகிறார்.

"மேடம், செவுத்துக்கு வெள்ள அடிக்கேன். நம்பர் அதேதானா? மாத்துதியளா?"

"அதேதான் அண்ணாச்சி."

இந்த வருஷம் அவருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரலும் கேட்டது.

"யாரும் அதுல கை வைக்க விட்டுராதிய அண்ணாச்சி. என் பொட்டி வெளிய நிக்கு."