ஒரு தேதிக்கு ஒரு பதிவு

2006 ஜூன் 12, திங்கட்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். காபி, குளியல், பேப்பர். எட்டு பத்து பஸ்ஸில் கரமனையிலிருந்து தம்பானூர் ஆபீஸ். ஆறு மணிக்கு வீடு. இதை வலைப்பூவில் எழுத உட்கார்ந்தபோதுதான் தகராறு.

இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள்கூட விடாமல் டைரி எழுதி வந்தேன். காய்ச்சலில் படுத்த நாட்களிலும் 'காய்ச்சல்' என்று எழுதியிருக்கிறேன். ஜூன் ஒன்றாம் தேதி காகிதத்தை விட்டு, நானே புரோகிராம் எழுதிய வலைப்பூவுக்கு மாறினேன். டேட்டாபேஸில் பதிவுகளுக்கு ஒரு டேபிள். அதில் தேதி, தலைப்பு, விஷயம் என மூன்றே கட்டங்கள். ஒரே தேதி இரண்டு தடவை வரக்கூடாது என்று விதியும் வைத்தேன். டைரியில் நாளுக்கு ஒரு பக்கம்தானே. எழுதியவர் யார் என்ற கட்டம் தேவைப்படவில்லை.

'இத்தேதிக்குப் பதிவு உள்ளது' என்றது திரை. முந்தின வாரம் மனைவிக்கும் பாஸ்வேர்டு கொடுத்திருந்தேன். மத்தியானமே சேனை எரிசேரி செய்முறையை ஏற்றியிருந்தாள்.

"அதை அழிச்சுட்டு நாளைக்குப் போடேன்," என்றேன்.

"பாம்பேல மன்னி அதைப் பாத்துண்டே சமைச்சுண்டிருக்கா. பாதியில அழிச்சா அவ என்ன செய்வா?"

"நான் இருபத்திரண்டு வருஷமா ஒரு நாள் விட்டதில்லை."

"ஒரு நாளைக்கு ஒருத்தர்தான்னு சட்டம் போட்டது நானில்லை, கேட்டேளா."

டேபிளை மாற்றலாம்தான். ஆனால் மாற்றத்தைக் காகிதத்தில் எழுதி, ஒரு ராத்திரி ஆறப்போடாமல் டேபிளில் கை வைப்பதில்லை.

"எரிசேரிக்குக் கீழயே எழுதிக்கோங்கோ. இடம் கிடக்கே," என்றாள்.

வேறு வழியில்லை. அவளுடைய பதிவைத் திறந்து, 'கடுகு தாளித்து இறக்கவும்' என்ற வரிக்கு அடியில் என் நாளை எழுதிச் சேமித்தேன். இணையத்தைத் துண்டித்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. பாம்பேயிலிருந்து மனைவியின் மன்னி.

"மாப்பிள்ளை, தாளிச்சு இறக்கியாச்சு. எட்டு பத்து பஸ்ஸை இங்க எங்க போய்ப் பிடிக்கறது?"

மறுநாள் ஐந்தரைக்கு எழுந்ததும், காபிக்கும் முன்னால், டேபிளில் வரிசை எண், எழுதியவர் என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தேன். தேதி இனி எத்தனை தடவையும் வரலாம். பிறகு பழைய பதிவுகளுக்கு எழுதியவரை நிரப்பினேன். பதினொன்றுக்கு என் பெயர். பன்னிரண்டாவதற்கு இரண்டு பெயர்கள், அவளுடையது முதலில்.